உள்பக்கம் மூன்றாவது ஆணி

ஆணி இறங்கும்போது சத்தம் மாறியது.

கெட்டியான குளம்புக்குள் ஆணி போனால் ஒவ்வொரு அடிக்கும் கணீர் கணீரென்று பதில் வரும். கொஞ்சம் உள்ளே ஒதுங்கி, உயிருள்ள பாகத்தை ஒட்டிப் போனால் அந்தக் கணீர் செத்துப்போய், ஈரச் சாக்கைத் தட்டுவதுபோல மொத்தென்று கேட்கும். நாம் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் செருப்பு போட்டு நடந்தால் எப்படி இருக்கும், குதிரைக்கும் அப்படித்தான். ரத்தம் வராது. உடனே நொண்டாது. நேரம் ஆக ஆகத்தான் வேலையைக் காட்டும். லாடக்காரருக்கு இது தெரியாதா? இருபத்தாறு வருடமாக இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சாப்பிடுகிறார். ஒரு குதிரையின் உதையில் வலது காது போன பிறகு, இடது காதே இரண்டு காது வேலையையும் சேர்த்துப் பார்த்துவந்தது.

இடது முன்கால், உள்பக்கம் மூன்றாவது ஆணி. சாம்பல் நிறக் குதிரை தோளை ஒரு சுண்டு சுண்டிவிட்டு நின்றது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பராமரிப்பாளர் ஒரு கண்ணைத் திறந்தார். குதிரையைப் போலவே நின்றபடி தூங்கத் தெரிந்தவர் என்பதால் லாயம் முழுக்க அவருக்கு ‘தூக்கம்’ என்றுதான் பெயர்.

“என்னண்ணே, ஆடுறாளா?”

“ஈ” என்றார் லாடக்காரர்.

அந்த ஆணியைப் பிடுங்கியிருக்க வேண்டும். குறடு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. பிடுங்கி, துளையை மருந்தால் கழுவி, அந்த ஓட்டையைக் காலியாக விட்டாலே போதும். மீதி ஐந்து ஆணி லாடத்தைத் தாங்கும். அதிகம் போனால் பத்து நிமிட வேலை. ஆனால் அதே நேரத்தில் மைதானத்து மைக் கரகரத்து, அடுத்த போட்டியாளரின் எண்ணைச் சொன்னது. பதினேழு. அவருடைய மகளின் எண்.

ஆணி முனையை முறுக்கி மடக்கினார். அரத்தால் ரெண்டு இழுப்பு இழுத்தார். தோல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வேலியை நோக்கி ஓடினார். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். தப்பு செய்கிற எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான சவாரிப் போட்டி அது. யார் வேகமாக வந்தார்கள் என்பது இங்கே கணக்கில்லை. குதிரை எட்டுத் தடைகளைத் தாண்டும்போது மேலே இருக்கிற பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கிறது, கை எங்கே, குதிகால் எங்கே, குதிரையிடம் கெஞ்சுகிறதா, அதட்டுகிறதா, இல்லை பேசாமலே புரியவைக்கிறதா என்று பார்த்து மூன்று நடுவர்கள் மார்க் போடுவார்கள். காலையில் முதல் சுற்று, மத்தியானத்துக்கு மேல் முன்னணியில் இருப்பவர்களுக்கு இறுதிச் சுற்று, இரண்டு மார்க்கையும் கூட்டுவார்கள். முதலில் வருகிற ஒருவருக்கு மட்டும் தேசியக் குதிரைப் பயிற்சிக்கூடத்தில் ஒரு வருட இடம். தங்க அறை, ஏற நல்ல குதிரை, கற்றுத்தர ஆள். மகளுக்கு அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாசல் கிடையாது. சொந்தக் குதிரை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயிரம் வழி உண்டு. லாடக்காரர் மகளுக்கு இந்த ஒன்றுதான்.

அவர் ஒன்றும் குதிரைக்குப் பிறந்தவர் இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து லாயத்துக்குக் கைவண்டிச் சக்கரம் சரிசெய்யப் போன இடத்தில், வலியில் துள்ளிய ஒரு குதிரையை நாலு பேர் பிடிக்க முடியாமல் திணறுவதைப் பார்த்தார். “நான் பிடிக்கட்டுமா?” என்று கேட்ட வாய்தான் அவரை இங்கே கொண்டுவந்து விட்டது. அதன்பிறகு விலா எலும்பு இரண்டு முறை, முழங்கால் ஒரு முறை, காது ஒன்று. “உங்க அப்பாவை எக்ஸ்ரே எடுத்தா, படத்துல அவரைவிட ஒட்டுதான் அதிகமா தெரியும்” என்பாள் மனைவி, மகளிடம்.

மகள் அவருடைய கருவிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து வளர்ந்தவள். சவாரிப் பள்ளியில் யாரும் ஏற மறுக்கிற குதிரைகளே அவளுக்குக் கிடைத்தன. இன்றைக்கு அவள் ஏறியிருக்கும் செவலையும் அப்படித்தான். மூன்று பேரைத் தள்ளிவிட்ட பிறகு அவளிடம் வந்தது. பன்னிரண்டு வயதில் காரை எலும்பு முறிந்து மண்ணில் கிடந்தபோது, ஓடிப்போய்த் தூக்கிய அப்பாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, “குதிரைக்கு ஒண்ணும் ஆகலையே?” என்பதுதான். ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டினபோதுதான் அழுதாள். அது புதுச் சட்டை.

செவலை அன்று நல்ல மனநிலையில் இருந்தது. எட்டுத் தடையும் சுத்தம். மகள் இறங்கும்போது பலகையில் எண்பத்தெட்டு என்று வந்தது. அதுவரைக்கும் அதுதான் அதிகம். லாடக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கையைப் பிரிக்கவே மறந்துபோனார்.

பிரித்துத் திரும்பும்போது சாம்பல் குதிரை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அதன்மேல் இருந்தவள் பல் டாக்டர் பொண்ணு. அவளுக்கும் இதுதான் கடைசி வருடம். இரண்டு பெண்களும் எட்டு வயதிலிருந்து ஒருத்தியை ஒருத்தி தோற்கடித்தே வளர்ந்தவர்கள். நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்கள். பேசினாலும் இரண்டும் குத்தலாகத்தான் இருக்கும்.

முதல் நாலு தடை சரியாகவே போயின. லாடக்காரர் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவதைத் தாண்டி இறங்கியதும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சாம்பல் இடது முன்காலை ஊன்றியது. ஊன்றிய காலை அது நம்பவில்லை. தலை சடாரென்று மேலே வந்தது. குதிரையின் கழுத்து அந்தப் பெண்ணின் முகத்தில் மோத, அவள் சேணத்தை விட்டு முக்கால்வாசி நழுவி, பிடரி மயிரைக் கொத்தாகப் பிடித்துத் தொங்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். விழுந்தால் போட்டியை விட்டு வெளியே. அவள் விழவில்லை. எப்படி ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது. ஆறாவது தடைக்கு மூன்று பாய்ச்சல் தூரம் இருக்கும்போது நேராக உட்கார்ந்திருந்தாள், வாயிலிருந்து ரத்தம் வெள்ளைக் காலரில் சொட்டச் சொட்ட. மிச்ச மூன்றையும் அளவெடுத்ததுபோல் தாண்டினாள்.

எண்பத்தாறு. தவறிய இடத்துக்கு வெட்டி, மீண்ட விதத்துக்கு அள்ளிக் கொடுத்திருந்தார்கள். இரண்டாமிடம்.

“பல் டாக்டர் பொண்ணுக்குப் பல்லு போனா என்ன, வீட்லயே வைத்தியம்” என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, பயம் தெளிந்த சிரிப்பு எழுந்தது. லாடக்காரர் சாம்பலின் இடது முன்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? முதலிடத்தில் நிற்பவளின் அப்பா, இரண்டாமிடத்துக் குதிரையின் காலில் ஆணியைத் தப்பாக அடித்திருக்கிறார். தெரியாமல் நடந்தது என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? மகளைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள். சொல்லாவிட்டால்? ஒருவேளை ஆணி காரணமே இல்லையோ என்னவோ. திருப்பத்தில் மண் இளகியிருக்கலாம். அந்தப் பெண் கடிவாளத்தை இழுத்திருக்கலாம். ஒரு மனிதனுக்குத் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் காரணத்துக்கா பஞ்சம்?

மத்தியானம், குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டு சாம்பலின் கொட்டடிக்குப் போனார். ஓசைப்படாமல் பிடுங்கவும் வழியில்லை. இரண்டு சுற்றுக்கும் நடுவே குளம்பில் எது செய்தாலும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும், பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும் என்பது சட்டம்.

பல் டாக்டர் பொண்ணு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, உதட்டில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று தையல். உதடு ஒரு பக்கம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது.

“என் தப்புதான் அங்கிள்” என்றாள் அவர் கேட்காமலே. “இறங்கும்போது அவசரப்பட்டுட்டேன். பாவம் இவ. நான் சொதப்பினதுக்கு இவ தடுமாறினா.”

குதிரையிடம் அவள் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தாள் போல. தீவனத் தொட்டியில் தோல் சீவின கேரட் கிடந்தது.

லாடக்காரர் குனிந்து இடது முன்காலைத் தூக்கி, குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். வலது காலைவிடச் சூடு.

“சூடா இருக்கா அங்கிள்? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.”

“வெயிலும்மா” என்றார். “வெயில்ல நின்னா இருக்கும்.”

காலை இறக்கிவிட்டு வெளியே வந்தார். பையில் குறடு தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. தேநீர் வாங்கினார். அதைக் குடிக்காமலேயே ஆறவிட்டுக் கீழே ஊற்றினார். மனைவி போனில் கூப்பிட்டபோது, “எல்லாம் நல்லாப் போகுது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குத் தலைமை நடுவர் மைக்கைக் கையில் எடுத்தார். ஒரு காலத்தில் சவாரிக்காரியாக இருந்தவர். இடுப்பில் உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று சொல்வார்கள். சாய்ந்து சாய்ந்து நடப்பார், பேச்சில் மட்டும் சாய்வே இருக்காது.

“முதல் ரெண்டு பேரும் மத்தவங்களைவிட ரொம்ப முன்னாடி இருக்கீங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் இறுதிச் சுற்று. அதுல குதிரையை மாத்திக்கணும். இவ குதிரைல அவ, அவ குதிரைல இவ. பேசிக்க ரெண்டு நிமிஷம்.”

விதியில் அது உண்டு. நடுவர்கள் விரும்பினால் குதிரையை மாற்றச் சொல்லலாம். திறமை பிள்ளையுடையதா குதிரையுடையதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நாலைந்து வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை. லாடக்காரர் அதை மறந்தே போயிருந்தார்.

மகள் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டு சாம்பலை நோக்கி நடந்தாள். இறுதிச் சுற்றுக்கு ஐந்தாவது தடையை ஒரு சாண் உயர்த்திக்கொண்டிருந்தார்கள். அதே ஐந்தாவது. அதே இடப்பக்கத் திருப்பம்.

அவர் எப்போது வேலியைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. ஏப்ரன் காலில் தடுக்க, மண்ணில் ஓடினார்.

“ஏறாதே! ஏறாதேம்மா, நில்லு!”

மைதானமே திரும்பிப் பார்த்தது. தலைமை நடுவர் மைக்கை அணைத்துவிட்டுச் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

“என்ன?”

“சாம்பலுக்கு இடது முன்கால்ல ஒரு ஆணி நெருங்கி இறங்கியிருக்கு மேடம். நான் அடிச்சதுதான். எடுக்கணும்.”

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

இப்பதான் தோணுச்சு மேடம். அந்த வாக்கியம் தயாராக வாயில் இருந்தது. யாரும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. மகள் கடிவாளத்தைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் பொண்ணு, வீங்கிய உதட்டோடு.

“காலையில” என்றார். “அடிக்கும்போதே.”

பராமரிப்பாளர் ‘தூக்கம்’ முழு விழிப்பில் இருந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். “ஈன்னு சொன்னியேண்ணே” என்றார் மெதுவாக.

“நான் மத்தியானம் கேட்டேனே அங்கிள்” என்றாள் பல் டாக்டர் பொண்ணு. தையல் இழுத்ததில் வார்த்தை குழறியது. “வெயில்னு சொன்னீங்களே.”

லாடக்காரர் பைக்குள் இருந்த குறடை வெளியே எடுத்தார்.

“வேணும்னு செஞ்சீங்களா?” நடுவர் கேட்டார்.

“இல்லை மேடம். அவசரத்துல இறங்கிடுச்சு. சொல்லாம இருந்ததுதான்…”

“அப்பா” என்றாள் மகள். குரலில் ஒன்றுமே இல்லை. “ஆணியை எடுங்க.”

கால்நடை மருத்துவர் வந்து நின்றார். மகளே குனிந்து அந்தக் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குறடு ஆணித் தலையைக் கவ்வியது. வெளியே வந்த ஆணி உலர்ந்துதான் இருந்தது. ரத்தமோ சீழோ இல்லை. துளையில் மருந்தை ஊற்றியதும் சாம்பல் நீளமாக ஒரு மூச்சு விட்டது. கல் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். தலை ஆடவில்லை, கால் தயங்கவில்லை. ஓடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் மருத்துவர்.

நடுவர்கள் தனியே கூடிப் பேசினார்கள். திரும்பி வந்ததும் தலைமை நடுவர், “அப்பா செஞ்சதுக்குப் பொண்ணை வெளியே அனுப்பப் போறதில்லை” என்றார். பிறகு பல் டாக்டர் பொண்ணிடம், “உனக்கு முதல் சுற்றை மறுபடியும் ஓட்ட உரிமை இருக்கு” என்றார்.

“வேணாம் மேடம். காலையில இருந்து வலியோட நிக்கிறா. அவளை எதுக்கு ரெண்டு தடவை ஓட விடணும்?” பிறகு மகளைப் பார்த்து, “ஆணியோட நான் விழாம வந்தேன். ஆணி இல்லாம நீ வந்து காட்டு” என்றாள்.

“அப்ப ரெண்டு பேருக்குமே முதல் சுற்று மார்க் கிடையாது. இந்தச் சுற்று மட்டும்தான்” என்றார் நடுவர்.

மகளுக்கு இருந்த இரண்டு மார்க் முன்னிலை அத்தோடு போயிற்று. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள விட்டார்கள். லாடக்காரர் பத்தடி தள்ளி நின்றார். செவலையின் குணம் அவருக்கும் தெரியும். அதன் கோணல் எது என்று தெரியாமல் ஏறினால் யாராக இருந்தாலும் இரண்டாவது தடையிலேயே மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். மகள் ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“தண்ணித் தடைக்கு முன்னாடி காலை லூசா விட்றாதே, நின்னுடுவான்” என்று மகள் சொல்வது கேட்டது. “வலப்பக்கம் திரும்பும்போது ஒரு துள்ளு துள்ளுவான். திட்டாதே, திட்டினா இன்னொண்ணு போடுவான். கடைசித் தடைக்குப் பறப்பான். கையால பிடிக்காதே. மூச்சை இழுத்து நிமிர்ந்து உட்காரு, அவனே அடங்கிடுவான்.”

“வேற?”

“காதுகிட்ட பேசினா பிடிக்கும். அசிங்கமா பேசினாலும் பரவாயில்லை.”

பல் டாக்டர் பொண்ணு சிரிக்கப் போய், தையல் சுண்டியதும் உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அவள்தான் முதலில் போனாள். செவலை சொல்லி வைத்தாற்போல எல்லாச் சேட்டையும் செய்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு நொடி முன்னதாகவே தயாராக இருந்தாள். வலது திருப்பத்தில் துள்ளியபோது அவள் குனிந்து காதில் ஏதோ சொல்வது வேலி வரைக்கும் தெரிந்தது. எண்பத்தேழு.

பிறகு மகள். லாடக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இடது காது போதும். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு கால் விழும் சத்தமும் ஒரே மாதிரி, கணீரென்று. நாலு. ஐந்தாவதில் ஓர் அமைதி. குதிரை காற்றில் இருக்கிற அமைதி. பிறகு இடது முன்கால் மண்ணில் விழுந்தது. சுத்தமான சத்தம். எந்தக் குறையும் இல்லை. கண்ணைத் திறந்தார். மகள் திருப்பத்தை அகலமாக எடுத்துக்கொண்டிருந்தாள். காலுக்குப் பாரம் கொடுக்காமல், வளைந்து, சுற்றி. தேவையே இல்லை. குதிரை திரும்பத் தயாராகத்தான் இருந்தது, அவள்தான் கேட்கவில்லை. மிச்ச மூன்றும் குறை சொல்ல முடியாதவை.

எண்பத்தாறரை.

நடுவர் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது: இடது திருப்பத்தில் தயக்கம்.

பல் டாக்டர் பொண்ணு கோப்பையை வாங்கும்போது மகள் கை தட்டினாள், நிறுத்தாமல், கடைசிவரைக்கும். பிறகு செவலையைக் கழுவினாள், துடைத்தாள், தண்ணீர் வைத்தாள். அடுத்த வருடம் போட்டிக்கு வேறு லாடக்காரரைப் பார்த்துக்கொள்வதாக அமைப்பாளர் ஒருவர் வந்து பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். லாடக்காரர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது வேன் கிளம்பியது. மகள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கால்களைப் பெட்டியின் மேல் தூக்கி வைத்திருந்தாள். சின்ன வயதில் உட்கார்ந்த அதே பெட்டி. வேன் இரண்டு சிக்னலைத் தாண்டியது.

“கால் நல்லா ஆயிடுச்சுன்னு எனக்குத் தெரியும்ப்பா” என்றாள் பிறகு. “டாக்டர் பாத்தாரு. நானே பாத்தேன். இருந்தும் அஞ்சாவதுல இறங்கினப்போ, இன்னும் எதையாவது சொல்லாம விட்டிருப்பீங்களோன்னு தோணிடுச்சு.”

அவர் கியரை மாற்றினார்.

“ஒண்ணு கேக்கவா? குதிரையை மாத்தச் சொல்லலைன்னா சொல்லியிருப்பீங்களா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்ப முயன்றிருப்பாள்.

“தெரியலைம்மா” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, “சொல்லியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கிறேன்” என்றார்.

மகள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் ஒரு முறை குலுங்கியது. கன்னத்தைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள். பன்னிரண்டு வயதில் எலும்பு முறிந்தபோது அழாதவள். அவர் வேனை நிறுத்தவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

வீட்டுத் தெரு திரும்பும்போது அவள் தொண்டையைச் செருமினாள்.

“நாளைக்கு சாம்பலோட அந்தக் காலை உப்புத்தண்ணில ஊறவைக்கணும்ல?”

“ரெண்டு வேளை. மூணு நாள்.”

“பல் டாக்டர் பொண்ணு உங்களை வர வேணாம்னு சொல்லிட்டா. தூக்கம் மாமாவும்தான்.” பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள். “என்னை வரச் சொன்னா. ஆறு மணிக்கு. எவ்வளவு சூடு, எவ்வளவு உப்புன்னு எழுதிக் குடுங்க. எதையும் விடாம எழுதுங்கப்பா.”

வேன் நின்றதும் அவள் இறங்கி உள்ளே போனாள். லாடக்காரர் விளக்கைப் போட்டு, பெட்டியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, ஸ்டீயரிங்கின் மேலேயே வைத்து எழுத ஆரம்பித்தார். முதல் வரியாக, குளம்பு எந்தக் கால், எந்தப் பக்கம், எத்தனையாவது ஆணி, எந்த நேரத்தில் அடித்தது என்பதை எழுதினார்.